செல்வராசா சொன்னதில் நான் விட்டது

1

ரெய்னர்ஸ் லேன் தமிழ்க் கடையில் செவ்வாய்க்கிழமைகளில் முருங்கைக்காய் வந்து இறங்கும். ஓய்வுபெற்ற பிறகு என் வாரத்தில் நிச்சயமான அலுவல் என்று இருப்பது அது ஒன்றுதான். தபாற்கந்தோரில் பென்சன், பிறகு கடை, பிறகு வீடு. போன செவ்வாய் நான் காய்களை முறுக்கிப் பார்த்துக்கொண்டு நின்றபோது ஒரு பெடியன் ரெலிபோன் கார்ட் வாங்க வந்தான். இந்த நாட்டுக்கு வந்து ஒரு மாதமும் இராது. போட்டிருந்த கோட் அவனுடையதல்ல. தோள்கள் இரண்டு பக்கமும் தொங்கின.

"தம்பி ஊரில எவடம்?" என்றார் கடைக்காரர்.

"வடமராட்சி."

"வடமராட்சியில எவடம்?"

பெடியன் சொன்னான்.

"அதில கோயிலுக்கு இஞ்சாலையோ அங்காலையோ?"

"அங்கால."

"ஆ," என்றார் கடைக்காரர். அவ்வளவுதான். மிச்சக் காசை அவன் கையில் கொடுக்காமல் மேசையில் வைத்தார்.

ஊரிலிருந்து இதை வாசிக்கும் உங்களுக்கு அந்த மூன்று கேள்விகளும் எதற்காக என்று நான் விளக்கத் தேவையில்லை. சாதி என்ற சொல்லை வாயில் எடுக்காமலே சாதியை அறிந்துகொள்ளும் வழி அது. இங்கே நான் வந்த புதிதில், எழுபதுகளில், ஒரு வெள்ளைக்காரக் கடைக்காரியும் எனக்கு மிச்சக் காசை அப்படித்தான் வைப்பாள். நீட்டிய கை நீட்டியபடி இருக்கும், காசு மேசையில் கிடக்கும். அதை எத்தனையோ பேருக்குச் சொல்லிக் கொதித்திருக்கிறேன்.

கடைக்காரரைக் கண்டிக்க எனக்கு வாய் வரவில்லை. அதே மூன்று கேள்விகளை நானும் ஒருவரிடம் கேட்டேன். அதற்குப் பிறகு நடந்ததை இத்தனை காலமும் ஒருவருக்கும் எழுதவில்லை.

2

அது எண்பதுகளின் கடைசி. எங்கள் பக்கத்தில், நகரசபை வாடகைக்கு விட்ட கவுன்சில் குடியிருப்பில் ஆசியக் குடும்பங்களின் யன்னல்கள் உடைந்துகொண்டிருந்தன. கடிதம் போடும் துவாரத்தால் நாய்ப் பீ போட்டார்கள். பொலிஸ் வரும், எழுதும், போகும். அப்போது மிஸஸ் எட்வர்ட்ஸ் என்ற ஜமேக்கா நாட்டுப் பெண்மணி, ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்து ஓய்வுபெற்றவர், தேவாலயத்தின் பின்மண்டபத்தை வியாழக்கிழமை மாலைகளுக்குக் கேட்டு வாங்கினார். நிறவெறி பற்றிப் பேசவும் கேட்கவும் விரும்பும் எவரும் வரலாம் என்று நூல்நிலையத்தில் ஒரு தாள் ஒட்டினார். கவுன்சில்காரர் அதற்கு மூச்சு வாங்கும் நீளத்தில் ஒரு பெயர் வைத்தார்கள். எங்களுக்கு அது வியாழக்கிழமைக் கூட்டம்.

நான் போனதற்குக் காரணம், பேச என்னிடம் நிறைய இருந்தது. யாழ்ப்பாணத்தில் பெரிய பாடசாலையொன்றில் ஆங்கிலமும் சரித்திரமும் படிப்பித்தவன் நான். இங்கே ஒரு ரயில்வே அலுவலகத்தில் கிளாக்காக இருந்தேன். நான் வேலை பழக்கிய பெடியன்கள் ஒவ்வொருவராக எனக்கு மேலே போய், என் லீவு விண்ணப்பத்தில் கையெழுத்து வைத்தார்கள். அதையெல்லாம் சொல்ல ஓர் இடம் கிடைத்தது.

கூட்டத்துக்கு ஒரே ஒரு சட்டம். ஒருவர் பேசி முடித்ததும் அடுத்தவர் தன் கருத்தைச் சொல்லக் கூடாது. தான் கேட்டதை முதலில் திருப்பிச் சொல்ல வேண்டும். பிறகு மிஸஸ் எட்வர்ட்ஸ் பேசியவரிடம் கேட்பார்: "நீங்கள் சொன்னது இதுதானா?" ஆம் என்றால் மேலே போகலாம். இல்லை என்றால் திரும்பவும் முதலிலிருந்து. ஒருவரே இழுத்துக்கொண்டு போகாதிருக்க, முட்டை அவிக்கும்போது வைக்கிற மணி ஒன்றையும் மடியில் வைத்திருப்பார். வாத்தியாராக இருந்த எனக்கு இது சின்னப் பிள்ளைகளின் விளையாட்டுப் போலப் பட்டது. ஒரு மாதத்துக்குள் அந்த எண்ணம் போய்விட்டது. கவனமாகக் கேட்கிறேன் என்று வாழ்நாள் முழுவதும் நினைத்திருந்தவன், மற்றவர் சொன்னதில் பாதியைக்கூடத் திருப்பிச் சொல்ல முடியாமல் திணறினேன்.

அங்கே கென் என்று ஓய்வுபெற்ற வெள்ளைக்காரத் தபால்காரர் ஒருவர் வருவார். முதல் நாளே, "நான் நிறவெறியன் இல்லை, ஆனால்..." என்று தொடங்கினார்.

"கென்," என்றார் மிஸஸ் எட்வர்ட்ஸ், "அந்த 'ஆனாலை' வெளியே உன் சைக்கிளோடு சேர்த்துப் பூட்டிவிட்டு வா."

எல்லோரும் சிரித்தோம். கென்னும் சிரித்தார். அடுத்த வாரமும் வந்தார். அதுதான் அவருடைய பெரிய குணம்.

ஒரு வியாழன் அவர் பிஸ்கற் தட்டை மடியில் வைத்துக்கொண்டு ஒரு கதை சொன்னார். பல வருடங்களுக்கு முன் அவருடைய தெருவில் ஓர் இந்தியக் குடும்பம் வீடு வாங்க வந்ததாம். வேண்டாம் என்று தெருக்காரர் மனு எழுதினார்களாம். அதை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்கியவர் கென். "எனக்கு எல்லாக் கதவும் தெரியும். எந்த வீட்டில் நாய் இருக்கிறது என்றுகூடத் தெரியும்," என்றார். அந்தக் குடும்பம் வரவே இல்லை. அவர்களுடைய பெயரை அவர் கடைசிவரை அறியவில்லை. அன்று அதைத் திருப்பிச் சொல்லும் முறை என்னுடையதாக வந்தது. நான் சொல்லி முடித்ததும், "ஆம், நான் சொன்னது இதுதான்," என்று மூக்கைத் துடைத்தார்.

படித்தவர்கள் பலரோடு பழகியிருக்கிறேன். தன் அழுக்கைத் தானே எடுத்து மற்றவர் முன் வைத்த மனிதரை அன்றுதான் கண்டேன். அவரை மெச்சினேன், இன்றும் மெச்சுகிறேன். ஆனால் அன்றைய மெச்சுதலில் எனக்கு ஒரு சௌகரியம் இருந்தது. செய்தவர்கள் அவர்கள், பட்டவன் நான்.

3

செல்வராசாவை அழைத்து வந்தவர் மிஸஸ் எட்வர்ட்ஸ். முப்பது வயது இருக்கும். பெற்றோல் நிலையத்தில் வேலை. மனைவி ராணியோடும் நடை பழகிய ஒரு பெண் குழந்தையோடும் அந்தக் குடியிருப்பின் ஆறாம் மாடியில் இருந்தார். ஆங்கிலம் கேட்டால் விளங்கும், பேச வராது. எனவே கூட்டத்தில் அவர் தமிழில் சொல்ல, நான் ஆங்கிலத்தில் சொல்வது என்று ஏற்பாடு.

முதல் நாள், மண்டபத்து வாசலில் வைத்தே கேட்டேன்.

"நீர் ஊரில எவடம்?"

சொன்னார். மற்ற இரண்டையும் கேட்டேன். அவற்றுக்கும் கண்ணைத் தாழ்த்தாமல் பதில் சொன்னார்.

"சரி, உள்ள வா," என்றேன்.

"நீர்" என்று தொடங்கியவன் மூன்றாம் பதிலோடு "நீ" என்று இறங்கிவிட்டேன். பக்கத்தில் நின்ற மிஸஸ் எட்வர்ட்ஸுக்கு அது தெரிய வழியில்லை. ஆங்கிலத்தில் எல்லோரும் ஒன்றுதானே. செல்வராசா என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, "ஓம் மாஸ்டர்," என்று உள்ளே போனார். எங்கள் ஆட்கள் எல்லோரும் என்னை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

அவர்களை அந்த மாடியிலிருந்து வேறு இடத்துக்கு மாற்றக் கேட்டுக் கவுன்சிலுக்கு எழுதியது கூட்டம்தான். எழுதி எழுதி, கடைசியில் விசாரணைக்கு ஒரு நாள் தந்தார்கள். மிஸஸ் எட்வர்ட்ஸும் கென்னும் சாட்சி, நான் மொழிபெயர்ப்பாளர். அந்த நாளுக்கு இரண்டு வாரம் இருக்கையில் நடந்தது இது.

4

அன்றைக்கு மிஸஸ் எட்வர்ட்ஸ் கேட்ட கேள்வி: உங்களைக் குறைந்தவர் என்று முதன்முதலாக உணரச் செய்தது யார்? செல்வராசாவின் முறை வந்தது. அவர் என்னைப் பார்த்தல்ல, மிஸஸ் எட்வர்ட்ஸைப் பார்த்துப் பேசினார்.

"இஞ்ச லிப்டுக்குள்ள துப்புவாங்கள். மனிசி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆறு மாடியும் படியால ஏறுவா. அது ஒண்டு. ஆனா அம்மா கேட்டது முதல்முதல் எண்டெல்லோ. முதல்முதல் இஞ்ச இல்லை, ஊரில. எங்கட பக்கத்துக் கிணறு உப்பு. நல்ல தண்ணிக்கு அவையின்ர கிணத்தடிக்குப் போகோணும். கிணத்துக் கட்டில ஏறக்கூடாது. வாளியை வைச்சிட்டு நிப்பம், ஆரும் மனம் வைச்சு அள்ளி ஊத்துமட்டும். தேத்தண்ணிக் கடையில மற்றவைக்குக் கிளாஸ், எங்களுக்குப் போத்தல். இஞ்ச துப்புறவனுக்கு என்ர பேர் தெரியாது. அங்க மறிச்சவைக்கு என்ர அப்பாவின்ர பேரும் தெரியும், அப்பப்பாவின்ர பேரும் தெரியும்."

லிப்டை நன்றாகவே மொழிபெயர்த்தேன். ஆறு மாடியையும் சொன்னேன். பிறகு, "இவர் ஊரிலும் நிறையக் கஷ்டப்பட்டவர். சண்டை நடக்கிற நாடு," என்று சொல்லி முடித்தேன்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று நாளெல்லாம் காரணம் தேடலாம். உண்மை சின்னது. ஊரில் பெரிய ஆட்கள் என்று சொல்லிக்கொள்ளும் கூட்டத்தில் பிறந்தவன் நான். அந்த மண்டபத்திலோ அடிபட்டவர்களின் பக்கத்தில் ஒரு கதிரையில் இருந்தேன். அந்தக் கதிரையை விட்டு எழும்ப எனக்கு மனம் வரவில்லை.

கென் திருப்பிச் சொன்னார்: லிப்ட், படி, ஊரில் சண்டை. மிஸஸ் எட்வர்ட்ஸ் வழக்கம்போலத் திரும்பினார். "நீங்கள் சொன்னது இதுதானா?"

என் மொழிபெயர்ப்புக்காக அவர் காத்திருக்கவில்லை. "நோ," என்றார். அந்தக் கூட்டத்தில் செல்வராசா பேசிய முதல் ஆங்கிலச் சொல் அது.

அவர் திரும்பவும், இன்னும் மெதுவாக, எல்லாவற்றையும் சொன்னார். முகங்கள் என் பக்கம் திரும்பின. "இதை மொழிபெயர்ப்பது கடினம்," என்றேன்.

"கடினமான தமிழ் ஒண்டும் நான் கதைக்கேல்லையே மாஸ்டர்," என்றார் செல்வராசா. "கிணறு, வாளி, போத்தல். உங்களிட்ட இங்கிலிஸ் படிச்ச பெடியள் முதல் வருசத்தில படிச்ச சொல்லு."

"இப்போது என்ன சொல்கிறார்?" என்று கேட்டார் மிஸஸ் எட்வர்ட்ஸ்.

"களைத்துவிட்டாராம்," என்றேன்.

செல்வராசா எழுந்து ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு போனார். மிஸஸ் எட்வர்ட்ஸ் முட்டை மணியை மடியிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார்.

"மிஸ்டர் நாதன், அவர் களைத்தவர் போல எனக்குத் தெரியவில்லை."

மறுநாள் மிஸஸ் எட்வர்ட்ஸ் என்னை ரெலிபோனில் அழைத்தார். விசாரணைக்கு நான் வேண்டாம் என்று செல்வராசா சொல்லிவிட்டார். கவுன்சிலின் தமிழ் மொழிபெயர்ப்பாளருக்கு எழுதிப் போட்டால், கிடைக்க மாதக் கணக்காகும். அதுவரை விசாரணை தள்ளிப்போகும்.

"உங்களுக்கும் அவருக்கும் இடையில் என்ன என்று நான் கேட்கவில்லை," என்றார். "அந்தக் குழந்தை இன்னும் ஆறாம் மாடியில் இருக்கிறது. அதை மட்டும் சொல்ல எடுத்தேன்."

5

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். அவள் கறிக்கு வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள்.

"நீங்கள் செய்ததில என்ன பிழை? உதுகளை ஏன் வெள்ளைக்காரருக்குச் சொல்லவேணும்? எங்களைப் பற்றி என்ன நினைப்பாங்கள்? பேசாமல் இருங்கோ."

"பேசாமல் இருந்ததுதான் பிழை."

"அப்ப போய்க் கத்துங்கோ," என்றாள், வெங்காயத்தைப் பார்த்தபடி.

மேசையில் சோதனைக்குப் படித்துக்கொண்டிருந்த மகள் தலை நிமிர்ந்தாள். அவளுக்குப் பதினேழு வயது. நாங்கள் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்லும் பிள்ளை. கிணறும் போத்தலும் என்ன கதை என்று கேட்டாள். சொன்னேன். முதல்முறையாகச் சொன்னேன். தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போன வருடங்களில் தேவாரம் சொல்லிக் கொடுத்தேன், இதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. அவள் கேட்டுவிட்டு, "அப்படியென்றால் நாங்கள் எந்தப் பக்கம்?" என்றாள், ஆங்கிலத்தில்தான்.

சனிக்கிழமை ஆறாம் மாடிக்குப் போனேன். லிப்டில் ஏற முடியாத நாற்றம், படியால் ஏறினேன். செல்வராசாவின் கதவில் எறிந்த முட்டை காய்ந்து ஓடுகளோடு ஒட்டியிருந்தது. ராணி கதவைத் திறந்து, "இருங்கோ," என்றார். இருந்தேன். குழந்தை நிலத்தில் இருந்து சட்டி மூடியைத் தட்டிக்கொண்டிருந்தது.

எங்கள் வீடுகளில் வந்தவர் இருக்கும் முன்பே அடுப்பில் கேத்தில் ஏறிவிடும். மிஸஸ் எட்வர்ட்ஸும் கென்னும் அந்த வீட்டில் தேநீரும் பயற்றம் பணியாரமும் சாப்பிட்டுவிட்டு வந்து புகழ்ந்திருக்கிறார்கள். ராணி என்னிடம் கேட்கவில்லை. அது மரியாதைக் குறைவு அல்ல. கேட்டால், அந்த வீட்டில் வாய் நனைக்காமல் இருக்க நான் என்ன சாட்டுச் சொல்லித் தப்புவேன் என்று அவருக்குத் தெரியும். இருவருக்கும் அந்தக் கூச்சம் வேண்டாம் என்று விட்டார். ஒரு வாய் தேத்தண்ணி தாருங்கோ என்று கேட்க வேண்டும் போல இருந்தது. கேட்கவில்லை.

"தம்பி, நான் செய்தது பிழை," என்றேன்.

"அதை ஏன் எனக்குச் சொல்லுறியள்?" என்றார் செல்வராசா. "எனக்குத் தெரியாத விசயமே அது? எனக்குத் தெரிஞ்சதை எனக்கே சொல்ல ஆறு மாடி ஏறி வந்தனீங்களோ?"

"நான் என்ன செய்யவேணும் எண்டு சொல்லுங்கோ."

"நான் சொன்னதை, சொன்ன இடத்தில சொல்லுங்கோ. பேந்து பாப்பம்."

"நீங்கள் வியாழக்கிழமை வருவியளோ?"

"நீங்கள்" என்று கூப்பிட்டேன் என்பதைக் கவனித்தீர்களா? நானும் கவனித்தேன், அவர் கவனிக்கிறாரா என்றும் பார்த்தேன். ஒரு சொல்லைக் கூட்டிக் கொடுத்துச் சரிக்கட்ட வந்தவனாக எனக்கு நானே தெரிந்தேன். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"ஷிப்ட் மாத்த ஏலுமெண்டால் வாறன்," என்றார்.

6

வியாழக்கிழமை அவர் பிந்தி வந்து, வேலை ஜாக்கெட்டோடு வாசலுக்குப் பக்கத்தில் இருந்தார். நான் கேட்டு முதல் முறையை வாங்கினேன். போன கிழமை செல்வராசா சொன்னதை, மொழிபெயர்ப்பாளர்கள் சொல்வது போல "நான்" என்றே சொன்னேன். எங்கள் கிணறு உப்பு. நான் வாளியை வைத்துவிட்டு நிற்பேன். எனக்குப் போத்தலில் தேநீர். ஆங்கிலத்தில் அந்தச் சொற்கள் மிக லேசானவை. அவர் சொன்னது சரிதான், முதல் வருடத்துச் சொற்கள்.

பிறகு என் கதையைச் சொன்னேன். எங்கள் வளவுக் கிணற்றடியிலும் அப்படி ஆட்கள் நின்றார்கள். நான் யன்னலோரம் இருந்து சோதனைக்குப் படிப்பேன். வாளி வைக்கிற சத்தம் கேட்கும். எழுந்து போய் அள்ளி ஊற்றினால் பத்து நிமிட வேலை. புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தியதில்லை.

திருப்பிச் சொல்லும் முறை கென்னுக்கு.

"பொறுங்கள், சரியாகச் சொல்ல வேண்டும்," என்று தலையைச் சொறிந்தார். "செல்வாவைத் தண்ணீருக்கு நிற்கவைத்தவர்கள் மிஸ்டர் நாதனுடைய ஆட்கள். மிஸ்டர் நாதன் ஒரு வருடமாக இங்கே வந்து எங்கள் ஆட்கள் தனக்குச் செய்ததைச் சொன்னார். நானும் வெட்கப்பட்டேன். போன வாரம் செல்வா தன் கதையைச் சொல்ல, இவர் நடுவில் நின்று அதை மறைத்தார். பழியைச் சண்டையின் மேல் போட்டார்." என்னைப் பார்த்தார். "நான் ஒன்றையும் விடவில்லையே?"

"இல்லை," என்றேன்.

ஒருவரும் என் தோளில் தட்டவில்லை. பரவாயில்லை என்று ஒருவரும் சொல்லவில்லை. அதற்காக அவர்களுக்கு இன்றும் நன்றி சொல்கிறேன். மிஸஸ் எட்வர்ட்ஸ், தன் தீவில் தோல் கொஞ்சம் வெளுத்த கறுப்பர்கள் தன் தகப்பனைப் பின்வாசலால் வரச் சொன்னதை ஒரே வரியில் சொன்னார். பிறகு செல்வராசாவிடம் திரும்பினார்.

"நீங்கள் சொன்னது இதுதானா?"

"யெஸ்," என்றார் செல்வராசா. நான் கதிரையில் சாயப் போனேன். "இன்னும் கிடக்கு மாஸ்டர்," என்றார் தமிழில். "நிமிர்ந்து இருங்கோ."

அன்று அவர் பேசப் பேச நான் சொன்னேன். முட்டை மணி அடித்தது. மிஸஸ் எட்வர்ட்ஸ் அதை மறுபடி முறுக்கி வைத்தார். ஒருவருக்காக அவர் அப்படிச் செய்து நான் கண்டதில்லை.

இந்த நாட்டைப் பற்றிக் குறை சொல்லிப் பல தடவை உங்களுக்கு எழுதியிருக்கிறேன். எழுதியதெல்லாம் உண்மைதான். ஆனால் வேலை முடிந்து வந்து, பிளாஸ்டிக் கதிரைகளில் இருந்து, தங்களுக்குப் பிடிக்காததைக் கேட்டு, கேட்டதை ஒழுங்காகத் திருப்பிச் சொல்லப் பழகிய இந்த மனிதர்களையும் இங்கேதான் கண்டேன். அவர்கள் படித்தவர்கள் அல்ல, நல்லவர்கள் என்ற பெயரும் எடுத்தவர்கள் அல்ல. வாராவாரம் வந்தார்கள். நம்முடைய சங்கங்களிலும் மன்றங்களிலும் நானும் பேசியிருக்கிறேன், மாலை வாங்கியிருக்கிறேன். அப்படி ஒரு வியாழக்கிழமையை நாங்கள் ஒருபோதும் வைக்கவில்லை.

7

விசாரணை தள்ளிப்போகவில்லை, குறித்த நாளிலேயே வந்தது. என்னை வரச் சொல்லி ஒருவரும் சொல்லவில்லை, வரவேண்டாம் என்றும் திரும்பச் சொல்லவில்லை. கோட் போட்டுக்கொண்டு போனேன். கவுன்சில் கட்டடத்துத் தாழ்வாரத்தில் செல்வராசாவும் ராணியும் குழந்தையோடு இருந்தார்கள். கென் தபால் இலாகாவின் பழைய கழுத்துப்பட்டியைக் கட்டி வந்திருந்தார். செல்வராசா என்னைப் பார்த்துத் தலையை அசைத்தார். அது வணக்கமா, போகலாம் என்பதா என்று தெரியவில்லை. பெயர் கூப்பிட்டதும் எல்லோரோடும் சேர்ந்து உள்ளே போனேன்.

வீடு கிடைத்தது என்பதை முன்னமே சொல்லிவிடுகிறேன். மாதங்கள் சென்று ஹவுன்ஸ்லோவில், நிலத்தோடு ஒட்டிய வீடு, முன்னால் ஒரு துண்டுப் புல். இன்றும் அங்கேதான் இருக்கிறார்கள். குழந்தை இப்போது பெரிய பள்ளிக்கூடம் போகிறாள். அந்த வீடு மிஸஸ் எட்வர்ட்ஸும் கென்னும் அன்று சொன்ன சாட்சியால் வந்தது.

ஆனால் சாட்சிக்கு முன் ஒரு கேள்வி இருக்கிறது. எல்லோரிடமும் கேட்பதுதான். மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி தாளிலிருந்து நிமிராமல் கேட்டார்: "இந்த மொழிபெயர்ப்பாளரை விண்ணப்பதாரர் ஏற்றுக்கொள்கிறாரா? இவரில் ஏதாவது ஆட்சேபம் உண்டா?"

அதையும் நான்தான் தமிழில் சொல்ல வேண்டும். சொன்னேன்.

ராணி செல்வராசாவைப் பார்த்தார். அவர் என்னைப் பார்த்தார், முதல் நாள் வாசலில் பார்த்தது போலவே, கண்ணைத் தாழ்த்தாமல்.

"இண்டைக்கு ஓம்," என்றார். "நாளைக்கு எண்டால், நாளைக்குக் கேக்கச் சொல்லுங்கோ."

அதிகாரி பேனையோடு காத்திருந்தார். அவருக்கு வேண்டியது ஒரு சொல். ஆம் என்று சொல்லி நிறுத்தியிருக்கலாம், பிழை பிடிக்கவும் செல்வராசாவைத் தவிர அங்கே ஆள் இல்லை. நான் முழுவதையும் ஆங்கிலத்தில் சொன்னேன்.